பனி பெய்தால் கிறிஸ்மஸ் ஆகிவிடுமா?

1989ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றிரவு அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒரு கேலிச்சித்திரக் குடும்பம் முதன்முறையாக அரைமணி நேரக் கதையோடு மக்கள் முன் வந்தது. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் அத்தொடரின் முதல் கதையே கிறிஸ்மஸ் கதை. தந்தை ஹோமர் அணுமின் நிலையத் தொழிலாளி. எதிர்பார்த்திருந்த போனஸ் இவ்வாண்டு தொழிலாளருக்கு இல்லை என்று முதலாளி ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுகிறார். தாய் மார்ஜ் ஆண்டெல்லாம் ஒரு ஜாடியில் சேர்த்துவைத்த பணமோ, மகன் பார்ட் கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதற்கே செலவாகிப் போகிறது. வீட்டில் உண்மையைச் சொல்ல நா எழாத தந்தை, வணிக வளாகத்தில் கிறிஸ்மஸ் தாத்தா வேடமிட்டு உட்காருகிறான். அத்தனை நாள் உழைப்புக்கும், பயிற்சிக் கட்டணம் முதல் தாடி வாடகை வரை பிடித்தது போக, கைக்கு வருவது 13 டாலர்.

அந்த 13 டாலரையும் நாய்ப் பந்தயத்தில் வைக்கிறான். ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் இரவில் அற்புதம் நிகழும் என்று தொலைக்காட்சியே கற்பித்திருக்கிறதே என்று மகன் தேற்றுகிறான். அற்புதம் நிகழவில்லை. அவர்கள் பணம் கட்டிய நாய் கடைசியாக வருகிறது. உடையவனே அதை விரட்டியடிக்க, தோற்ற நாயும் தோற்ற தந்தையும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். வெறுங்கையோடு வந்ததை ஒப்புக்கொள்ள ஹோமர் வாயெடுக்கும் வேளையில், அந்த நாயையே பரிசென்று குடும்பம் கட்டித் தழுவிக்கொள்கிறது.

இடமில்லை என்று விரட்டப்பட்டவருக்கு ஓர் ஏழை வீட்டில் இடம் கிடைப்பது நம் காதுகளுக்குப் புதிய செய்தியா? 1223இல் கிரெச்சியோ ஊரில் முதற்குடில் அமைத்தபோது அசிசி பிரான்சிஸ் மாட்டையும் கழுதையையும் மறவாமல் நிறுத்திவைத்தார். அவர் இக்கதையைக் கண்டிருந்தால், அந்த மெலிந்த நாயையும் ஓரமாகக் கட்டிவைக்கச் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு மகிழ்ச்சி.

என் வழக்கு இத்தொடரின் மீதன்று. இத்தகைய கதைகளை வெட்டியெடுத்து, ‘விழாக்காலத் தொகுப்பு’ என்று பெயரிட்டு, உறையிலிட்டு விற்ற வணிகத்தின் மீதே என் வழக்கு.

2003ஆம் ஆண்டு அக்டோபரில், அனைத்துப் புனிதர் விழாவுக்கும் முன்னதாகவே, ‘கிறிஸ்மஸ் வித் தி சிம்ப்சன்ஸ்’ என்ற டிவிடி கடைக்கு வந்துவிட்டது. உள்ளே ஐந்து கதைகள். முதலாவது நான் மேலே சொன்னது. இரண்டாவது, 1992 நவம்பரில் ஒளிபரப்பான ‘மிஸ்டர் பிளவ்’. ஹோமர் பனி அகற்றும் வண்டி ஒன்றை வாங்கித் தொழில் நடத்துகிறான். அவனுடைய நண்பனே போட்டியாளனாகிறான். நகைச்சுவையில் குறைவில்லாத கதைதான். ஆயின் கிறிஸ்து பிறப்புக்கும் அதற்கும் என்ன உறவு? கதையில் பனி பெய்கிறது; அவ்வளவே. பனி பெய்தால் கிறிஸ்மஸ் ஆகிவிடுமா? டிசம்பரில் வெயில் காய்கிற தென்கோளத்து மக்கள் வேறேதோ விழாவைக் கொண்டாடுகிறார்களா?

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதிலுள்ள நான்கு கதைகளில் ஒன்று, 2003 ஏப்ரலில், பாஸ்கா காலத்தில், முதன்முதல் ஒளிபரப்பானது. தொடக்கத்தில் கிறிஸ்மஸ் பாடல் பாடிவருகிறார்கள் என்ற ஒரே தகுதியால் இடம் பிடித்தது. பிறகு குடும்பம் ஒரு பண்ணைக்கு விடுமுறை கழிக்கப் போய்விடுகிறது! இன்னொன்றில் பள்ளிப் பிள்ளைகள் பனியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மீண்டும் பனி.

தொகுப்பாளர் எதை விட்டார் என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். 1995ஆம் ஆண்டு, அதே டிசம்பர் 17, அதே திருவருகை மூன்றாம் ஞாயிறு. ‘மார்ஜ் பி நாட் பிரவுட்’ என்ற கதை ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் மைக் ஸ்கல்லி. சிறுவயதில் தாம் கடையில் திருடிய நிகழ்ச்சியையே அடிப்படையாகக் கொண்டார். பார்ட் ஒரு விளையாட்டு நாடாவைத் திருடிப் பிடிபடுகிறான். தாயிடம் மறைக்கிறான். குடும்பப் புகைப்படம் எடுக்க அதே கடைக்குச் சென்ற நாளில் குட்டு வெளிப்படுகிறது. தாய் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. மகனை அளவுக்கு மீறிக் குழந்தையாக நடத்திவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொண்டு, மெல்ல விலகி நிற்கிறாள். இரவில் போர்வையைச் சரிசெய்து கொஞ்சிவிட்டுப் போகும் வழக்கத்தையும் நிறுத்திவிடுகிறாள். அந்த விலகலைப் பிள்ளையால் தாங்க முடியவில்லை.

பாவம் என்பது சட்டத்தை மீறுவது மட்டுமன்று, உறவை முறிப்பது என்று நம் மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம்! இருபத்திரண்டு நிமிடத்தில் இத்தனைத் தெளிவாக அதைச் சொன்ன வேறொரு தொலைக்காட்சிக் கதையை நான் கண்டதில்லை. கடைக்காரனின் தண்டனை பிள்ளையைத் திருத்தவில்லை. வெளிறிப்போன தாயின் முகமே திருத்துகிறது. இந்தக் கதைக்கு இரண்டு தட்டுகளிலும் இடமில்லை. பனி வண்டிக்கு இடம் உண்டு.

ஏன் விட்டார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கிறிஸ்மஸ் என்பது பனியும் மணியோசையும் சிவப்புத் தொப்பியும் என்று கருதுகிற ஒருவருக்கு, ஒப்புரவைப் பற்றிய கதை கிறிஸ்மஸ் கதையாகத் தோன்றாதிருப்பதில் வியப்பில்லை. என் கோபம் ஒரு தொகுப்பாளர் மீதன்று. அந்தக் கருத்தின் மீது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் தட்டிலேயே ‘கிரிஃப்ட் ஆஃப் தி மேஜை’ (1999) என்றொரு கதை இருக்கிறது. பொம்மை நிறுவனம் ஒன்று பள்ளிக்கூடத்தையே கையகப்படுத்தி, பிள்ளைகள் விரும்புவது எது என்று வகுப்பறையில் வேவு பார்த்து, மற்ற பொம்மைகளை அழிக்கும் பொம்மையைக் கிறிஸ்மஸ் சந்தைக்கு அனுப்புகிறது. ‘ஷி ஆஃப் லிட்டில் ஃபெய்த்’ (2001) என்பது மற்றொன்று. இடிந்த கோவிலை முதலாளி ஒருவர் பணம் போட்டு எழுப்ப, உள்ளே எங்கும் விளம்பரங்கள் முளைக்கின்றன. அதைச் சகியாமல் சிறுமி லிசா வெளியேறிப் புத்த சமயத்தைத் தழுவுகிறாள். அவள் முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கோபம், எருசலேம் கோவிலில் மேசைகளைக் கவிழ்த்தவருடைய கோபத்துக்குத் தொலைவில் உள்ளதா? பெருநாளை விற்பவர்களைச் சாடும் இந்த இரு கதைகளையும் ஒரே பெட்டியில் இட்டு, பெருநாள் சரக்காக விற்றவர்களின் துணிச்சலை என்னென்பது!

“தொடரே வணிகம்தானே, முதல் நாளிலிருந்து விளம்பரங்களுக்கு நடுவே வந்ததுதானே?” என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கதை அதற்குரிய ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று பார்த்தவர் அடுத்த கதைக்காகக் காத்திருந்தார். வாரக்கணக்கில் காத்திருப்பதற்கென்றே ஒரு காலத்தைத் திருச்சபை வகுத்து வைத்திருப்பதன் பொருள் நமக்குத் தெரியும். அக்டோபரில் வாங்கி ஐந்தையும் ஓரிரவில் பார்த்து முடிப்பவனுக்கு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

நம்மவர் பக்கமும் குற்றமுண்டு. இத்தொடரைப் பார்க்காமலே பழித்த பக்தர் கூட்டம் அமெரிக்காவில் பெரிது. 1992 ஜனவரியில், சமய ஒலிபரப்பாளர் மாநாட்டில் பேசிய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன் குடும்பத்தைப் போலன்றி, பழைய ‘வால்ட்டன்ஸ்’ தொடர்க் குடும்பத்தைப் போல் ஆகவேண்டும் என்றார். சில நாளில் தொடரிலேயே பதில் வந்தது: நாங்களும் வால்ட்டன்ஸ் போலத்தான், பொருளாதார மந்தம் ஒழிய மன்றாடிக்கொண்டிருக்கிறோம் என்று பார்ட் சொன்னான். உணவுக்கு முன் செபிக்கும் குடும்பம், ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகும் குடும்பம் (ஹோமர் அங்கே தூங்குவது வேறு; நம்முள் தூங்காதவர் கைதூக்கட்டும்!) அந்நாளைய அமெரிக்கச் சித்திரத் தொடர்களில் எத்தனை இருந்தன?

2010இல் வத்திக்கான் நாளேடான ‘லொசர்வத்தோரே ரொமானோ’ மறுகோடிக்குப் போய், ஹோமரும் பார்ட்டும் கத்தோலிக்கரே என்று எழுதியது. அவர்கள் போவது ‘பிரஸ்பிலூத்தரன்’ என்னும் கற்பனைச் சபைக்கு என்று தயாரிப்பாளர் அல் ஜீன் நினைவூட்ட வேண்டியதாயிற்று. பழிப்பதிலும் அவசரம், உரிமை கொண்டாடுவதிலும் அவசரம். கதையைக் கதையாகப் பார்க்கும் பொறுமைதான் நமக்கு வரவில்லை.

இப்போது தட்டுகளின் காலமும் போய்விட்டது. 2019 நவம்பரில் இத்தொடர் அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ் இணையத் திரைக்கு மாறியது. 2024 டிசம்பர் 17இல், முதற்கதையின் முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாளிலேயே, ஒரு புதிய கிறிஸ்மஸ் கதை தொலைக்காட்சிக்கு வராமல் நேரே அந்தத் திரையில் வெளியானது. நாளையாவது நினைவில் வைத்திருந்தார்களே என்று மகிழ்ந்தேன்.

பிள்ளைகளோடு பார்க்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எவரோ கட்டிக்கொடுத்த மூட்டையை அப்படியே வாங்காதீர்கள். 1995ஆம் ஆண்டுக் கதை ஒன்றைத் தேடியெடுங்கள். பார்ட் அந்தக் கடைக்கு மீண்டும் போய் வருகிறான். சட்டைக்குள் எதையோ மறைத்திருக்கிறான். மறுபடியும் திருடிவிட்டானென்று தாய் பதறிப்போய்ப் பிடுங்குகிறாள். உள்ளே இருந்தது அவளுக்கென்று அவன் தனியே எடுத்துக்கொண்ட தன் புகைப்படம். முழுப் பணமும் கட்டியாயிற்று என்ற ரசீதும் அதனோடு இருந்தது.