பல்லக்கைத் தூக்கியவர் யார்?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மட்டாஞ்சேரி டச்சு அரண்மனைக்கு அழைத்துப் போவது கொச்சித் தமிழரின் வழக்கம். பார்க்க வேண்டிய இடந்தான், பெயர்தான் பொருத்தமில்லை. 1555-ஆம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்த மாளிகை அது. 1663-க்குப் பின் ஒல்லாந்தர் பழுது பார்த்தார்கள். பெயரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்!

பள்ளியறைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள். நின்று நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. அப்புறம் அரசர்களின் படங்கள், வாள்கள், தந்த வேலைப்பாடுள்ள பல்லக்கு. எல்லோரும் தந்தத்தைத்தான் மெச்சுகிறார்கள். அதைச் சுமந்த தோள்கள் யாருடையவை? அவர்களுக்கு என்ன கூலி? கூலிக்கும் சம்பளத்துக்கும் ஊர் விட்டு வந்த நமக்காவது இந்தக் கேள்வி எழ வேண்டாமா? இதே கொச்சித் துறையிலிருந்து மனிதர்களையே விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியவர்கள் ஒல்லாந்தர். கொச்சி சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1854-ல்தான்.

அமெரிக்காவில் ஜனாதிபதி ஜெபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையை 1923 முதல் ஓர் அறக்கட்டளை பாதுகாத்து வருகிறது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அந்தப் பெரிய மனிதர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். வெகுகாலம் அங்கே மாளிகையின் அழகைத்தான் சொன்னார்கள். இன்று அடிமைகளின் குடிசையை மறுபடி கட்டி, அவர்கள் பெயர்களையும் சொல்கிறார்கள். 2018-ல் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் வாழ்க்கையைக் கூறும் அறையையும் திறந்தார்கள். இதனால் ஜெபர்சனின் புகழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூட்டமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இங்கே அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. போர்ட் கொச்சி வெளியில், 1976-ல் கட்டிய சலவைக்கூடத்தில் துணி வெளுப்பவர்கள் தமிழர்கள். ஒல்லாந்தச் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வெளிநாட்டார் அவர்களைப் படம் பிடித்துப் போகிறார்கள். நம்மவர்களோ அரண்மனையைப் பார்த்ததும் படகுத்துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அரண்மனையைப் பராமரிக்கும் மத்தியத் தொல்பொருள் துறை, உழைத்தவர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்க வேண்டும். பல்லக்குத் தூக்கிகள், துறைமுகச் சுமையாட்கள், சலவைத் தொழிலாளர் ஆகியோரின் வரலாறு அங்கே மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். இதற்காக மனுக் கொடுப்பது கொச்சித் தமிழ்ச் சங்கங்களின் கடமை. மனுவோடு நிற்காமல், வெளியிலுள்ள முதியவர்களிடம் போய், அவர்கள் தாத்தா பாட்டி சொன்னதையெல்லாம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.