ஆவி இழுப்போர் குறை

நம் வீடுகளில் தடிமன் வந்தால் ஆவி பிடிப்பர். அவுஸ்திரேலியாவிலோ மின்சிகரெட்டினால் நிக்கொட்டின் கலந்த ஆவியை இழுப்போர் பலர். அவர்களுக்கு அரசாங்கத்தின் மீது பெருங்குறை. 2024 யூலை முதலாந் திகதி தொடக்கம் அக்கருவியை மருந்துச்சாலையிலன்றி வேறெங்கும் விற்கலாகாதெனச் சட்டமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில், வயது வந்தோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வைத்தியர் சீட்டு வேண்டாமெனத் தளர்த்தினர். ஆயினும் மருந்தாளரின் விசாரணைக்கு விடையிறுத்தே பெறுதல் வேண்டும். புகையிலைச் சிகரெட்டோ மூலைக்கடையில் தாராளமாகக் கிடைக்கின்றது! “புகையை விட முயல்பவனுக்குத் தடை, புகைப்பவனுக்குத் திறந்த கதவா?” என்பது அவர்தம் கேள்வி.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எரியும் புகையிலையே பெருங்கேடு விளைப்பதென்பதை வைத்தியரும் மறுப்பதில்லை. ஆனால், பழச்சுவையும் பகட்டு வண்ணமும் கொண்ட அக்கருவிகள் மாணவரின் புத்தகப் பைகளுள் புகுந்தமையாலன்றோ சட்டம் கடுமையாயிற்று? புகைத்தே அறியாத பிள்ளைக்கு நிக்கொட்டின் புதியதோர் அடிமைத்தனமேயாம். பெற்றோர் அஞ்சியதில் வியப்பென்ன?

எமக்குள்ள ஐயம் வேறு. மருந்தாளர் பலர் இவ்வியாபாரமே வேண்டாமென்கின்றனர். கள்ளச்சந்தைக்காரனோ வயதும் கேளான், சீட்டும் கேளான். வேண்டிய சுவையை வேண்டியவர்க்கெல்லாம் விற்கின்றான். பிள்ளைகளுக்காகப் போட்ட வேலியில் அவன் நுழையும் பொட்டை அடைப்பது யார்?