பொங்கின சோயா பால் வெந்த சோயா பால் இல்ல

மாட்டுப் பாலை எப்படிக் காய்ச்சணும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். பொங்கி மேல வரும், அடுப்பை அணைப்போம். அதே பழக்கத்துல சோயா பாலையும் இறக்குறதுதான் பிரச்சினை.

சோயாவில் சபோனின்னு ஒரு பொருள் இருக்கு. சோப்பு மாதிரி நுரைக்கும். 80 டிகிரி தாண்டினாலே நுரை குபுகுபுன்னு எழும்பி வழியும். பார்த்தா கொதிச்ச மாதிரியே இருக்கும், ஆனா இன்னும் கொதிச்சிருக்காது. பாக்கெட் பால்ல இந்த அவசரம் பரவாயில்ல, அது டெய்ரியிலேயே பாஸ்சுரைஸ் ஆகி வருது. நீங்க மிக்ஸியில அரைச்சது பச்சைப் பயறு.

பச்சை சோயாவில் ட்ரிப்சின் இன்ஹிபிட்டர் இருக்கு, புரதத்தை ஜீரணிக்கிற என்சைமையே தடுக்கும். கூடவே லெக்டின். ரெண்டையும் அடக்க நல்ல சூடும் வேணும், நேரமும் வேணும். அரைவேக்காடா குடிச்சா சில மணி நேரத்துக்குள்ள குமட்டல், வாந்தி, வயித்து வலி, பேதி. 2003 மார்ச்சில் சீனாவின் ஹைசெங் நகரப் பள்ளிகளில் கொடுத்த சோயா பாலைக் குடிச்சு 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாம போச்சு.

நம்ம புழல், செங்குன்றம் பக்கம் ஜிம் போற தம்பிங்களுக்கு இது இன்னும் முக்கியம். புரோட்டீன் டப்பா விலை கட்டுப்படியாகலன்னு சோயாவுக்கு மாறினா நல்ல முடிவுதான், மலிவான தரமான புரதம் அது. ஆனா வறுக்காம, வேக வைக்காம பொடிச்சுப் பால்ல கலக்கிக் குடிச்சா, எதுக்காகக் குடிக்கிறீங்களோ அந்தப் புரதமே ஒழுங்கா ஜீரணமாகாது. அவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்ல. "ஒரு கொதி வந்ததும் இறக்கிடுங்க"ன்னு ரீல்ஸ் போடுறவங்க மேலதான் கோபம். நிமிஷக் கணக்கு சொல்லாத சோயா பால் ரெசிபியைப் பகிராதீங்க.

ராத்திரி ஊற வைங்க, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. அரைச்சு வடிகட்டி அடுப்புல வைங்க. நுரை எழும்பினா தீயைக் குறைச்சுக் கிளறுங்க, அணைக்காதீங்க. நுரை அடங்கி நிஜமாவே தளதளன்னு கொதிச்ச பிறகு 15 நிமிஷம். அடிப்பிடிக்கும், பக்கத்துலயே நிக்கணும். முடியலன்னா ஊறின பயறைக் குக்கர்ல வேக வச்சு அப்புறம் அரைங்க. கடையில விக்கிற சீல் பண்ணின சோயா பாலுக்கு இந்தக் கவலை இல்ல.

வாந்தி, பேதி வந்தா ஓஆர்எஸ் குடுங்க, பெரும்பாலும் தானா சரியாகும். குழந்தைன்னாலோ, வாந்தி நிக்கலன்னாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. உதடு வீங்கி மூச்சு திணறினா அது அலர்ஜி, உடனே 108. ஓபியில "காலைல என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா வெறும் "பால்"னு சொல்லாதீங்க. சோயா பால், எத்தனை நிமிஷம் காய்ச்சினீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.