கூகைக்குப் பெட்டி வைத்தால் மட்டும் போதாது

எலிக்கு எதிராக ஆந்தையைக் கூப்பிடுவோம் என்ற பேச்சு இப்போது பல ஊர்களில் கேட்கிறது. தன்னார்வலர்கள் மரப்பெட்டி செய்து தருகிறார்கள். இயற்கை விவசாயிகள் தங்கள் செலவிலேயே கம்பம் நட்டுப் பெட்டி ஏற்றுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பெட்டி ஏற்றும் நாளன்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே அதே வரப்பில் புரோமடியோலோன் கட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. கூகையை விருந்துக்கு அழைத்து விஷச்சோறு வைப்பதாகத்தான் அது முடியும்.

பெட்டி எத்தனை கொடுத்தோம் என்று கணக்கு எழுதுவதை விட, எத்தனை பெட்டியில் குஞ்சு பறந்தது என்று கணக்கு எழுதுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. விவசாயிகளுக்கும் சொல்கிறேன், வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் சொல்கிறேன்.

எந்தப் பறவை?

முதலில் பறவையை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பகலிலேயே மரப்பொந்தில் தலை நீட்டி முழித்துப் பார்க்கும் சின்னப் பறவை புள்ளி ஆந்தை. அது பெரும்பாலும் பூச்சிகளையும் சுண்டெலிகளையும் தின்னும். நாம் பேசுவது கூகையைப் பற்றி. இதய வடிவில் வெள்ளை முகம், பொன்னிற முதுகு, வெளிர் வயிறு. உயரம் ஓரடிக்குச் சற்று மேல். இது மற்ற ஆந்தைகளைப் போல் ஊளையிடாது. துணி கிழிவது போல் கீச்சென்று அலறும். அந்த அலறலைக் கேட்டுத்தான் நம் ஊர்களில் அதற்குச் சாக்குருவி என்று பெயர் வைத்து விரட்டினோம்.

அந்தச் சாக்குருவி உண்மையில் எலிக்குத்தான் சாவு. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அந்த வித்தியாசத்தால், கும்மிருட்டிலும் எலி நகரும் சத்தத்தை மட்டும் வைத்தே அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துப் பாயும். சிறகின் ஓரம் மென்மையானது என்பதால் பறக்கும் ஓசையும் எலிக்குக் கேட்காது. எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாக உமிழ்ந்துவிடும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் பாசனப் பகுதியில் அப்படிப்பட்ட உருண்டைகளைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் மிகுதியாக இருந்தவை நம் நெல்லைக் கத்தரிக்கும் எலி இனங்களின் எலும்புகளே. உங்கள் பம்ப்செட் கொட்டகையில் அப்படி ஓர் உருண்டை கிடந்தால் நீங்களே தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் வெட்டுப் பல்லும் தெளிவாகத் தெரியும். எந்தப் பயிற்சி முகாமும் தராத நம்பிக்கையை அந்த ஓர் உருண்டை தரும்.

பெட்டி ஏன் தேவைப்படுகிறது?

கூகை தானாகக் கூடு கட்டாது. மரப்பொந்து, கோயில் கோபுரத்தின் மாடம், பழைய நெல் கிடங்கு, பாழடைந்த வீட்டின் பரண் என்று இருட்டான ஓர் இடம் கிடைத்தால் அங்கேயே முட்டையிடும். இந்த இடங்கள் எல்லாம் குறைந்துகொண்டே வருகின்றன. ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாகிவிட்டன. புறாவைத் தடுக்கக் கோபுர மாடங்களுக்கு வலை அடிக்கிறோம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் டெல்டாவில் தென்னையோடு சேர்த்து முதிய மரங்களையும் சாய்த்துவிட்டது. இரை வயல் நிறைய இருக்கிறது, குடியிருக்க வீடு இல்லை என்பதுதான் கூகையின் நிலை. அதனால்தான் பெட்டி வைத்தால் பலன் கிடைக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் சோதனை அல்ல. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் ஐந்து முதல் பத்து எக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் கூகைப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1980களின் தொடக்கத்தில் ஸ்டே எலியாஹு என்ற கூட்டுப்பண்ணையில் சில பெட்டிகளோடு தொடங்கியது, இன்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பெட்டிகளாக வளர்ந்திருக்கிறது. கூகைக்கு நாட்டு எல்லை தெரியாது என்பதால் பக்கத்து நாடான ஜோர்டானின் விவசாயிகளும் அதில் சேர்ந்தார்கள்.

பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சிட்டுக்குருவிப் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தால் கூகைப் பெட்டி ஆகிவிடாது. இந்த நான்கையும் அளந்து பார்த்து வாங்குங்கள்.

ஒன்று, தரையளவு. குறைந்தது 2 அடிக்கு 1½ அடி வேண்டும். 2 அடிக்கு 2 அடி இருந்தால் இன்னும் நல்லது. நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும் பறவை இது. முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிப்பதால், பெரிய குஞ்சும் சின்னக் குஞ்சும் ஒரே பெட்டியில் இருக்கும். இடம் நெருக்கினால் சின்னதுதான் சாகும்.

இரண்டு, ஆழம். வாசலின் கீழ் விளிம்பிலிருந்து பெட்டியின் தரை வரை 1½ அடி இருக்க வேண்டும். விற்கப்படும் பல பெட்டிகளில் இந்த அளவுதான் தவறாக இருக்கிறது. வாசல் தாழ்வாக இருந்தால், பறக்கத் தெரியாத குஞ்சு எட்டிப் பார்த்துக் கீழே விழும். கீழே விழுந்த குஞ்சைத் தாய் தேடிவந்து ஊட்டாது. வாசல் 5 அங்குலச் சதுரம் போதும். வெளியே சிறகடித்துப் பழக ஒரு சிறு பலகைத் திண்ணை இருக்கட்டும்.

மூன்று, வெப்பம். தகரப் பெட்டி வேண்டவே வேண்டாம். மரப்பெட்டியே ஆனாலும் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். கூரையை வெளியே நீட்டி, அதன் மேல் இரண்டங்குல இடைவெளி விட்டு இன்னொரு பலகையோ தென்னங்கீற்றோ போடுங்கள். மேல் பகுதியில் காற்றுத் துளைகளும், தரையில் நீர் வடியத் துளைகளும் வேண்டும். உள்ளே வண்ணமோ பூச்சி மருந்தோ பூசாதீர்கள்.

நான்கு, திறப்பு. பக்கவாட்டிலோ பின்புறமோ திறந்து மூடும் கதவு இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். சுத்தம் செய்ய முடியாத பெட்டி இரண்டாம் ஆண்டில் எலும்பும் எச்சமும் நிரம்பித் தரை உயர்ந்துவிடும். ஆழம் குறைந்து குஞ்சு விழும். உள்ளே இரண்டங்குல உயரத்துக்கு மரச்சீவலோ தென்னை நார்க்கழிவோ பரப்பிவிட்டால் முட்டை உருளாது.

எங்கே, எப்படி நடுவது?

தனிக் கம்பம்தான் சிறந்தது. 12 முதல் 15 அடி உயரம் போதும். டெல்டாவில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். மாலை வெயில் மேற்கிலிருந்து சுடும். எனவே வாசலைத் தெற்கோ தென்கிழக்கோ பார்த்து வையுங்கள். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். கூகை தாழப் பறக்கும் பறவை, லாரியில் அடிபடும். மின்கம்பியின் அருகிலும் வேண்டாம்.

நான் முதலில் வைத்த பெட்டியைத் தென்னை மரத்தில் கட்டினேன். கம்பம் மிச்சம் என்று நினைத்தேன். கூகை வந்தது, முட்டையிட்டது, குஞ்சுகள் சீறும் சத்தமும் கேட்டது. ஒரு நாள் காலையில் மரத்தடியில் இறகு மட்டும் கிடந்தது. மட்டை வழியாக மரநாய் இறங்கி வந்திருக்கிறது. தவறு என்னுடையது. அடுத்த ஆண்டு தனிக் கம்பம் நட்டு, ஐந்தடி உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத் தகரத்தைக் கம்பத்தைச் சுற்றி இறுக்கி அடித்தேன். பூனையும் பாம்பும் மரநாயும் வழுவழுப்பான தகரத்தில் ஏற முடியாது. கம்பத்தை ஒட்டி மரக்கிளையோ கயிறோ இருக்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள். ஒரு தகடு வாங்கும் காசை மிச்சம் பிடித்தவன் நான். அதற்கு விலை கொடுத்தவை குஞ்சுகள்.

பெட்டி வைத்த மாதமே கூகை வரவில்லை என்று கழற்றிவிடாதீர்கள். ஒன்றிரண்டு பருவம்கூட ஆகலாம். கம்பத்தடியில் வெள்ளை எச்சமும் உருண்டைகளும் கிடந்தால் குடிவந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு ஏணி போட்டு எட்டிப் பார்க்காதீர்கள். அடைகாக்கும் காலம் சுமார் ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். அடைகாக்கும்போது தொந்தரவு செய்தால் தாய் முட்டையைக் கைவிட்டுப் போகும். குஞ்சுகள் பறந்தபின் முகத்தில் துணி கட்டி, கையுறை அணிந்து பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். தேனீயோ மைனாவோ முந்திக்கொண்டதா என்பதும் அப்போது தெரியும்.

பெட்டி என்பது பொறுப்பு என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே நீலக்குருவி என்ற பொந்தில் வாழும் பறவை அருகியபோது, இலினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் தாமஸ் மஸ்ஸல்மன் என்பவர் 1930களில் சாலையோர வேலிகளில் வரிசையாகப் பெட்டிகள் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அங்கே அந்தப் பெட்டிகளைப் பறிக்கும் எதிரி, ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட சிட்டுக்குருவி. அதனால் பெட்டி வைத்தவர்கள் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் பெட்டியே வைக்காதே என்பது அவர்கள் கற்ற பாடம். பார்க்கும் முறை பறவைக்குப் பறவை மாறும். கூகைக்குத் தூரத்தில் நின்று கம்பத்தடியைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

விஷம்தான் பெரிய எதிரி

மரநாயைத் தகரம் தடுக்கும். விஷத்தை எந்தத் தகரமும் தடுக்காது. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையும் தன்மையை இழந்து, சில நாட்கள் தள்ளாடித் திரிந்தபின் சாகும். தள்ளாடும் எலிதான் கூகைக்கு எளிதில் சிக்கும். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருப்பதால், அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் கூகையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். குஞ்சுக்கு ஊட்டினால் குஞ்சும் சாகும்.

துத்தநாக பாஸ்பைடு எலியைச் சில மணி நேரத்திலேயே கொல்லும். உடம்பில் அப்படித் தேங்காது. அதனால் கூகைக்கு ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் ஆடு மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் அது கொடிய நஞ்சு. எதை வைத்தாலும் செத்த எலியைப் பொறுக்கிப் புதைப்பது நம் கடமை.

கூகை தன் பெட்டியைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் இரை தேடும். நீங்கள் விஷம் வைக்காவிட்டாலும் பக்கத்து வயல்காரர் வைத்தால் உங்கள் பெட்டி காலியாகும். ஆகவே இது தனி ஒருவர் செய்யும் காரியம் அல்ல. ஊர் கூடிச் செய்ய வேண்டியது.

கூகை மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கூகை இரவுக்கு ஒன்றிரண்டு எலி தின்னும். குஞ்சு உள்ள காலத்தில் இன்னும் அதிகம் பிடிக்கும். எலி பெருகும் வேகத்துக்கு அது மட்டும் ஈடாகாது. வரப்பைச் சிறிதாக்கி, புல்லைச் செதுக்கி, வளைகளை வெட்டி மூட வேண்டும். ஊரே ஒரே சமயத்தில் நடவு செய்வதும், தஞ்சாவூர் கிட்டி வைப்பதும், எலி பிடிக்கும் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதும் கூடவே நடக்க வேண்டும். ஏக்கருக்கு 15 முதல் 20 வரை டி வடிவப் பறவைத் தாங்கிகள் நட்டால் கூகைக்கு உட்கார இடம் கிடைக்கும். எலி குறைவாக இருக்கும்போதே இவற்றைச் செய்தால், மீதியைக் கூகை பார்த்துக்கொள்ளும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

குறுவை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையில் ஒரு நாள், ஒரு பாசன வாய்க்காலைச் சேர்ந்த விவசாயிகளை ஒன்றாக உட்காரவையுங்கள். அவர்கள் புரோமடியோலோன் வைப்பதில்லை என்று உடன்பட்டால் மட்டும் அங்கே பெட்டி கொடுங்கள். இருபது ஊருக்கு ஒவ்வொரு பெட்டி கொடுப்பதை விட, உடன்பட்ட ஓர் ஊருக்குப் பத்துப் பெட்டி கொடுப்பது மேல். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு நோட்டு. கூகை வந்த மாதம், பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை, செத்துக் கிடந்த பறவை ஆகியவற்றை அதில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் அந்த உருண்டைகளைப் பிரித்துக் காட்டுங்கள். சாக்குருவி என்ற பெயர் ஒரே தலைமுறையில் மறையும்.

கூகையைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஊரில் சொல்லி வையுங்கள்.

இந்தச் சம்பாவுக்குப் பெட்டி வைக்க நினைப்பவர்களே, முதலில் பக்கத்து வயல்காரரிடம் போய்ப் பேசுங்கள். அவர் விஷத்தை நிறுத்தச் சம்மதித்தபின் தச்சரிடம் போங்கள்.