துண்டு ஏந்தும் முன் ரிப்போர்ட்டை அனுப்புங்கள்!



ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் துண்டை விரித்தபடி இருவர் நிற்கிறார்கள். டயாலிசிஸ் செய்யும் சகோதரருக்காக வசூல். கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் கூலி தருவானாக! ஆனால் அந்தச் சகோதரருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்ததே, அப்போது அவர் இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று நம்மில் யார் கேட்டோம்?

சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். கால் வீங்கி மூச்சு வாங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முதல் எதிரிகள். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து, முதுகுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் அதற்குத் துணை. வியாபாரிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்!

"ஸ்பெஷலிஸ்ட் பெரிய நகரத்தில் இருக்கிறார், கடையை யார் பார்ப்பது?" என்கிறீர்கள். நீங்கள் போகுமுன் உங்கள் ரிப்போர்ட் போகட்டுமே! கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள். இவற்றை உள்ளூர் மருத்துவர் கம்ப்யூட்டரில் அனுப்பினால், எந்த மாத்திரையை நிறுத்துவது, யாரை உடனே நேரில் அழைப்பது என்று நிபுணர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். மருத்துவர் மருத்துவரிடம் இப்படித் தொலைவிலிருந்து கேட்பதை 2020 மார்ச்சில் மத்திய அரசின் நெறிமுறைகள் அங்கீகரித்துவிட்டன. இ-சஞ்சீவனி 2019-லேயே வந்துவிட்டது. "செல்போனில் வைத்தியமா?" என்று சிரிக்கும் பெரியவர்கள், துபாயிலிருக்கும் பேரனைத் தினமும் அதே செல்போனில்தான் பார்க்கிறார்கள்!

திரை இருந்து என்ன? மறுமுனையில் சிறுநீரக நிபுணர் உட்கார வேண்டாமா? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாரத்தில் ஒரு நாளாவது அரசு அவரை உட்கார வைக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கிய சமுதாயம் இதைக் கேட்க ஏன் கூச்சப்படுகிறது?

ரமளான் நெருங்கினால் சிறுநீரக நோயாளிகள் என்னிடம், "நோன்பு வைக்கலாமா ஹஜ்ரத்?" என்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைச் சொல்வேன். உங்கள் சிறுநீரகம் தாங்குமா என்பதை நான் எப்படிச் சொல்வது? ஷஅபானிலேயே நிபுணரிடம் பதில் வாங்குங்கள்.

இளைஞர்களே! மஹல்லாவில் சர்க்கரை, அழுத்தம் உள்ளவர்களைப் பட்டியல் எடுங்கள். இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் செய்து, ரிப்போர்ட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நிபுணரின் பதிலைக் கேளுங்கள். வரவில்லையா? பட்டியலை மனுவோடு இணையுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் அலுவலகத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்!