ரெண்டே வருஷத்துல மூச்சு வாங்கும் வேக்கம் க்ளீனர்... தப்பு நம்ம மேலயா, கம்பெனி மேலயா?

சேல்ல ஆசைப்பட்டு வாங்கின கார்டுலெஸ் வேக்கம் க்ளீனர். முதல் மாசம் ஹால், பெட்ரூம், கட்டிலுக்கு அடின்னு மொத்த வீட்டையும் ஒரே சார்ஜ்ல முடிச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு ஹாலைத் தாண்டுறதுக்குள்ளேயே மூச்சு வாங்குது. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா, "அந்த மாடலுக்கு இப்போ பேட்டரி வர்றதில்லைங்க. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார்கள். எனக்கு நடந்தது இது. உங்களுக்கும் நடந்திருக்கலாம். மோட்டார் நல்லா இருக்கு, பிரஷ் நல்லா இருக்கு. ஒரு பேட்டரிக்காக மொத்த மெஷினும் குப்பைக்கா?

உள்ளே என்னதான் இருக்கு?

பெரும்பாலான மாடல்களில் 6 அல்லது 7 லித்தியம் அயன் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட். ஆறு சேர்ந்தால் 21.6, ஏழு சேர்ந்தால் 25.2. பெட்டியில் நீங்கள் பார்க்கும் நம்பர் இதுதான். வரிசையில் ஒரு செல் பலவீனமானாலும் மொத்த பேக்கும் படுத்துவிடும்.

உங்கள் போனில் இருப்பதும் இதே குடும்பம்தான். ஆனால், போன் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் சார்ஜை, இது சில நிமிடங்களில் குடித்துவிடும். அந்த வேகத்தில் சூடாகும். பேட்டரிக்கு முதல் எதிரியே அந்தச் சூடுதான்.

நம்ம பக்கம் என்ன செய்யலாம்?

* டர்போ மோடை கார்ப்பெட், மிதியடிக்கு மட்டும் வெச்சுக்கோங்க. டைல்ஸ் தரைக்கு சாதாரண மோடே போதும்.

* சுத்தம் செஞ்ச கையோட சார்ஜ்ல போடாதீங்க. அரை மணி நேரம் ஆறட்டும். பெரும்பாலான செல்களுக்கு சார்ஜ் ஏற்ற மேல் வரம்பு 45 டிகிரி செல்சியஸ். மே மாச மதியத்தில், ஓடிக் களைத்த பேட்டரி அதை எளிதாகத் தொட்டுவிடும். டாக்கை அடுப்புக்குப் பக்கத்திலும், வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீங்க.

* 'முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்' என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது ஆகாது.

* ஒரு மாசம் ஊருக்குப் போறீங்களா? பாதி சார்ஜில் ஆஃப் பண்ணி வெச்சுட்டுப் போங்க. காலியாகவும் வேண்டாம், ஃபுல்லாகவும் வேண்டாம்.

* விட்டு விட்டு ஓடுதா? பேட்டரியைத் திட்டுறதுக்கு முன்னாடி ஃபில்டரைப் பாருங்க. தூசி அடைச்சாலும் அப்படித்தான் ஆகும். கழுவக்கூடிய ஃபில்டர்னா கழுவி, நல்லா காய்ஞ்ச பிறகு மாட்டுங்க.

* பேட்டரி உப்பினாலோ, வாசனை வந்தாலோ உடனே நிறுத்திடுங்க. விலை குறைவுன்னு பி.ஐ.எஸ் பதிவு இல்லாத பேக் வாங்குறது வீட்டுக்குள் தீயை வைத்துக்கொள்வது மாதிரி.

சட்டம் என்ன சொல்லுது?

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பேட்டரி ஒருநாள் தேயத்தான் செய்யும். அன்றைக்கு மாற்று பேட்டரி கிடைக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். மாடல் விற்பனை நின்ற பிறகும் 5 வருஷம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும்.

இங்கே? 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. அதே வருஷம் டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் தொடங்கியது. பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2025-ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. ஆனால், முதல் வரிசையில் இருப்பவை ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும்தான். அதாவது, செத்த பேட்டரி எங்கே போகணும்னு விதி இருக்கு. புது பேட்டரி கொடுத்தே ஆகணும்னு வேக்கம் க்ளீனர் கம்பெனியைக் கட்டாயப்படுத்த விதி இல்லை.

அதனால அடுத்த சேல்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: பேட்டரியைக் கையாலேயே கழற்ற முடியுமா? தனியா விற்கிறாங்களா, என்ன விலை? பேட்டரிக்கு வாரன்டி எத்தனை மாசம்? பதில் சொல்லத் தயங்கினால், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் அந்த மாடலைத் தள்ளி வெச்சிடுங்க.