பிளாக்செயினுக்கும் முதலாளி உண்டு

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை, கைபேசியை வைத்துப் பிழைக்க வழி தேடும் நம் இளைஞர்களிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பேஸ்புக்கில் எழுதினால் அது கம்பனியின் சொத்து, பல கணினிகளில் பகிர்ந்து பதியப்படும் பிளாக்செயின் ஏட்டில் எழுதினால் அது எழுதியவனின் சொத்து என்கிறார்கள். அங்கே முதலாளி இல்லை, பதிந்ததை எவராலும் அழிக்க முடியாது, அழிக்க முடியாததைப் பறிக்கவும் முடியாது என்பது அவர்கள் வாதம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. ரூபாவையும் வங்கியையும் அரசையும் நம்பி ஏமாந்தவர்கள், எந்த மனிதரையும் நம்பத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டதும் அதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் அது பொய். அதைச் சொல்லிச் சொல்லி நாணயம் விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால், அது பொய் என்பது 2020லேயே உலகறிய நிரூபணமாகிவிட்டது.

ஸ்டீம் என்ற பிளாக்செயினை 2016 மார்ச்சில் தொடங்கியவர்கள் நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர். அவர்களுடைய கம்பனியின் பெயர் ஸ்டீமிட். எழுதியவருக்கும், நல்ல எழுத்தைக் கண்டு வாக்களித்தவருக்கும் அங்கே நாணயமாகவே கூலி கிடைத்தது. நைஜீரியாவிலும் வெனிசுவேலாவிலும் இந்தோனேசியாவிலும் ஏராளமானோர் அதில் எழுதினார்கள். 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் எட்டு டொலரைத் தொட்டது. உள்ளூர்ப் பணம் செல்லாக்காசாகிக்கொண்டிருந்த வெனிசுவேலாவில் அந்தக் கூலியின் மதிப்பு என்னவாக இருந்திருக்கும் என்பது 2022ஐக் கடந்து வந்த நமக்குப் புரியும்.

பின்னால் நடந்த கேட்டுக்கு முதல் நாளிலேயே வித்திடப்பட்டிருந்தது. வெளியார் வந்து சேரும் முன்பே நாணயத்தின் பெரும் பகுதியைக் கம்பனி தனக்கென்று எடுத்துக்கொண்டது. 2020இலும் மொத்த நாணயத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் கையில்தான் இருந்தது. இதைத் தளத்தின் வளர்ச்சிக்கு மட்டுமே செலவிடுவோம், நிர்வாகத் தேர்தலில் இதைக்கொண்டு வாக்களிக்க மாட்டோம் என்று கம்பனி சொல்லி வந்தது. உறுப்பினர்கள் அதை நம்பினார்கள். மனிதரை நம்பவே வேண்டாம் என்ற இடத்தில், எல்லாவற்றையும் தாங்கி நின்றது ஒரு மனித வாக்குறுதி! அது சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் பதியப்பட்டிருக்கவில்லை.

நிர்வாகத் தேர்தல் என்றேன். ஸ்டீமின் ஏட்டை எழுதுபவர்கள் ‘சாட்சிகள்’ எனப்படும் கணினிப் பொறுப்பாளர்கள். அவர்களில் முதல் இருபது பேர் கையில்தான் அதிகாரம். அவர்களைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கில் அல்ல. உடனே எடுக்க முடியாதபடி தளத்தில் முடக்கி வைத்த நாணயம் எவ்வளவோ, வாக்கின் எடை அவ்வளவு. அதோடு ஒருவர் முப்பது சாட்சிகளுக்கு வாக்களிக்கலாம், ஒவ்வொரு வாக்கிலும் முழு எடையும் விழும். அதாவது, போதிய நாணயம் உள்ள ஒரே ஆள் இருபது ஆசனங்களையும் தானே நிரப்பிவிட முடியும்.

2020 பெப்ரவரி 14 அன்று ட்ரோன் என்ற மற்றொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பனியை வாங்கிய செய்தி வெளியானது. கம்பனியோடு அந்த ஐந்தில் ஒரு பங்கும் அவர் கைக்குப் போனது. நான்காண்டு எழுதி உழைத்தவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துபோன சாட்சிகள் பத்து நாட்களுக்குள் மென்பொருளை மாற்றி, அந்த நாணயங்களைக்கொண்டு வாக்களிக்க முடியாதபடி செய்தார்கள். மார்ச் 2 அன்று சன் தரப்பு திருப்பி அடித்தது. பினான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணயச் சந்தைகளும் தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீமை எடுத்து முடக்கி அவருக்கு ஆதரவாக வாக்களித்தன. இருபது சாட்சிகளும் ஒரேயடியாக வெளியே தள்ளப்பட்டார்கள்.

யாருடைய பணத்தில் அந்த வாக்கு விழுந்தது என்பதை நாம் அழுத்திக் கேட்க வேண்டும். பொதுமக்கள் வைப்பிலிட்ட நாணயம் அது. அன்றைய விதிப்படி, அப்படி முடக்கிய நாணயம் முழுவதுமாகத் திரும்பி வரப் பதின்மூன்று வாரம் ஆக வேண்டும். தங்களுக்கு எதிரான வாக்குக்குத் தங்கள் காசையே பறிகொடுத்தவர்களும் அந்த வாடிக்கையாளர்களுக்குள் இருந்தார்கள். வழக்கமான மென்பொருள் மாற்றம் என்றெண்ணி அனுமதித்துவிட்டோம் என்று பின்னர் பினான்ஸ் தலைவர் விளக்கம் சொன்னார். கண்டனம் கிளம்பியதும் பினான்ஸும் ஹுவோபியும் வாக்கைத் திரும்பப் பெற்றன. நாணயம் அதிகம் வைத்திருப்பவனுக்கே அதன் நலனில் அக்கறை அதிகம், அதனால் அவன் கையில் அதிகாரம் இருப்பதே நியாயம் என்று இந்தத் துறையின் அறிஞர்கள் எழுதுகிறார்கள். மார்ச் 2 அந்த வாதத்தைக் குழிதோண்டிப் புதைத்தது. அன்று வாக்களித்த சந்தைகளுக்கு அந்த நாணயம் சொந்தமுமல்ல, அந்தத் தளத்தில் அவற்றுக்கு அக்கறையுமில்லை.

பங்கை விற்கலாம் என்று ஆனபின் உரிமை எந்தப் பக்கம் ஒழுகும் என்பது இந்தத் தீவின் கரைகளுக்குப் புதிதல்ல. தங்காலைக்கு அருகே மாவெல்ல என்ற ஊரின் கரைவலைத் தொழிலை போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்தார். பொதுவளங்களைப் பற்றி 1990இல் எலினோர் ஒஸ்ட்ரம் எழுதிய நூலில் அது தோல்வியின் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. ஒரு வலையை எட்டாகப் பிரித்து, பங்கு உள்ளவர்கள் முறை வைத்து வலை வளைத்த ஊர் அது. எத்தனை வலை இருக்கலாம் என்பதற்கு அரசின் கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டைச் செல்வாக்கு உடைத்தது. 1971இல் அந்தச் சிறு கரையில் 99 வலைகள் இருந்தன. மீன் அதே அளவுதான், ஒருவருக்கு முறை வரும் நாட்கள்தான் குறைந்துகொண்டே போயின. நொந்தவர்கள் பங்கை விற்றார்கள், காசுள்ள சிலரிடம் அது குவிந்தது. எவரும் எந்த விதியையும் கணினியில் ஊடுருவி மாற்றவில்லை. பங்கோடு சேர்த்து உரிமையும் விலைக்குப் போனது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் நம்மிடம் உண்டு. நம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்குத்தான். அந்தச் சங்கங்களில் ஊழல் இருக்கிறது, அரசியல்வாதியின் கை இருக்கிறது, பல சங்கங்கள் பெயரளவில்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனாலும், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பெட்டி நிறையப் பணத்தோடு வந்து ஒரே பகலில் நிர்வாகக் குழுவை வாங்கிவிட முடியாது. வாங்குவதானால் அங்கத்தவர்களை ஒவ்வொருவராக, முகம் பார்த்து வாங்க வேண்டும்.

பிளாக்செயினின் ஆதரவாளர்கள், ஹைவைப் பாருங்கள் என்பார்கள். உண்மைதான், அதே 2020 மார்ச் 20 அன்று ஸ்டீம்காரர்கள் அந்த ஏட்டை முழுவதுமாகப் பிரதி எடுத்து ஹைவ் என்ற புதிய சங்கிலியைத் தொடங்கினார்கள். எல்லோருடைய எழுத்தும் அங்கே வந்தது, ஏறத்தாழ எல்லோருடைய இருப்பும் வந்தது. ஸ்டீமிட் கம்பனியின் பங்கு மட்டும் வரவில்லை. சன்னை ஆதரித்து வாக்களித்தார்கள் என்று கருதப்பட்ட சிலருக்கும் அந்தப் பகிர்வில் இடம் கிடைக்கவில்லை. அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். பல நாடுகளில் சிதறிக் கிடந்தவர்கள் இரவு பகலாகப் பேசி, பிரிந்து போய், பிழைத்தும் காட்டினார்கள். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது பிளாக்செயின் அல்ல. ஒருவரையொருவர் அறிந்திருந்ததும், அந்த நெருக்கடியில் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியதும்தான் காப்பாற்றின. ‘மாற்றவே முடியாத’ ஏட்டில் யார் பெயருக்கு எதிரே என்ன தொகை இருக்க வேண்டும் என்பதையும் மனிதர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஸ்டீமில் மிஞ்சியிருந்தவர்களும் அதையே செய்தார்கள், கொடுமையாகச் செய்தார்கள். மே 20 அன்று ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் அறுபதுக்கும் மேற்பட்ட கணக்குகளிலிருந்து 2 கோடி 36 இலட்சம் ஸ்டீம் பறிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 இலட்சம் டொலர். கணக்குகளின் இரகசியச் சாவி உரியவர்களிடமே பத்திரமாக இருந்தது. சாவி உன் கையில் இருந்தால் பணம் உன்னுடையது என்று இன்றும் பாடம் எடுப்பவர்கள் இந்தத் தேதியை ஏன் சொல்வதில்லை?

பதிவும் உரிமையும் ஒன்றல்ல என்பதைப் புத்தளத்தாருக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கிய குடும்பங்கள் இன்றும் நம் அயலில் வாழ்கின்றன. காணி உறுதியில் அவர்கள் பெயர் இருந்தது, எவரும் அதை அழிக்கவில்லை. அந்தப் பெயரை மதிக்க ஆளில்லாமல் போனதுதான் அவர்களுக்கு நேர்ந்தது. கணிதத்தால் பூட்டப்பட்ட ஏடு அந்தக் குறையைத் தீர்க்கும் என்று அவர்களின் பிள்ளைகளிடமே போய் விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதே மாவட்டத்தின் அருவாக்காட்டில் கொழும்புக் குப்பையைக் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இலும் 2019இலும் புத்தளம் மாதக்கணக்கில் வீதியில் இருந்தது. முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல் வந்தார்கள். 2019 ஓகஸ்டில் குப்பை வந்துதான் சேர்ந்தது. தலை எண்ணும் முறையும் தோற்கும் என்பதற்கு அதுவே சாட்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு மீனவனின் மறுப்பும் ஒரு வியாபாரியின் மறுப்பும் ஒரே எடை. மக்கள் சம்மதித்தார்கள் என்று எந்த அமைச்சராலும் கணக்குக் காட்ட முடியவில்லை. ஸ்டீமில் மார்ச் 2 அன்று அப்படிக் காட்ட முடிந்தது. வாக்கெடுப்பு நடந்தது, விதிப்படி நடந்தது, சன் வென்றார், எல்லாம் ஏட்டில் அழியாமல் பதிந்திருக்கிறது.

ஹைவ் பின்னர் சில பாடங்களைக் கற்றது. புதிதாக முடக்கும் நாணயம் முப்பது நாள் காத்திருந்த பின்பே நிர்வாக வாக்குக்குத் தகுதி பெறும் என்று விதி செய்தது. சந்தைகள் ஓரிரவில் புகுந்து கவிழ்ப்பதை அது தடுக்கும். ஓராண்டு அசையாமல் கிடக்கும் வாக்குகள் காலாவதியாகும் என்றும் மாற்றியது. முப்பது நாள் பொறுத்திருக்கக்கூடிய பணக்காரனை எந்த விதி தடுக்கும் என்று கேட்டால் அங்கே பதில் இல்லை, ஏனென்றால் ஹைவிலும் வாக்கு நாணயத்துக்குத்தான்.